பரிணாமமும் இயற்கைத் தேர்வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இயற்கைத் தேர்வு என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

முடியும். ஒரே இனத்தில் பிறந்த உயிர்கள் அச்சில் வார்த்தவை போல இருப்பதில்லை. ஒன்றின் கால் சற்று நீளம், இன்னொன்றின் தோல் சற்றுத் தடிப்பு. இந்த வேறுபாடுகளில் பல, பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வருகின்றன. பிறந்தவை அத்தனையும் பிழைத்துக் குஞ்சோ குட்டியோ ஈனுவதில்லை. பெரும்பாலானவை அதற்கு முன்பே இறந்துவிடுகின்றன. எது பிழைக்கிறது, எது இறக்கிறது என்பதில் அந்த வேறுபாடுகளுக்குக் கொஞ்சமாவது பங்கு இருந்தால், அடுத்த தலைமுறை முந்தைய தலைமுறையின் நகலாக இருக்காது. பிழைத்தவற்றின் சாயல் அதில் கூடியிருக்கும். இது தலைமுறை தலைமுறையாக நடக்கும்போது இனமே மாறுகிறது.

இதைத் தனித்தனியே கண்டுகொண்டவர்கள் இருவர்: சார்லஸ் டார்வின், ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். டார்வின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தார். 1858இல் இன்றைய இந்தோனேசியத் தீவுகளில் மாதிரிகள் சேகரித்துக்கொண்டிருந்த வாலஸிடமிருந்து, அதே கருத்தை விளக்கும் ஒரு கட்டுரை அஞ்சலில் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டு ஜூலை 1 அன்று லண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவருடைய எழுத்துகளும் ஒன்றாகப் படிக்கப்பட்டன.

இந்தப் பக்கம் முழுவதும் நான் வலியுறுத்த விரும்புவது ஒன்றைத்தான்: இது நம்புவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் விஷயமில்லை. எண்ணிப் பார்க்கலாம், அளந்து பார்க்கலாம். எண்ணியும் அளந்தும் இருக்கிறார்கள்.

அப்படி யாராவது நேரில் கண்டிருக்கிறார்களா?

கண்டிருக்கிறார்கள். பசிபிக் பெருங்கடலில் கலாபகசுத் தீவுக்கூட்டத்தில் டாஃப்னி மேஜர் என்றொரு குட்டித் தீவு இருக்கிறது. அரை சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. எரிமலைக் கூம்பின் நுனி மட்டும் கடலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கிறது. குடிநீர் இல்லை, நிழலும் அரிது. 1973 முதல் நாற்பது ஆண்டுகள் பீட்டர் கிராண்ட், ரோஸ்மேரி கிராண்ட் தம்பதியர் ஆண்டுதோறும் அங்கே போய்க் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அங்குள்ள ஃபிஞ்ச் குருவிகளை வலையில் பிடித்து, அலகையும் உடலையும் அளந்து, காலில் வண்ண வளையங்கள் மாட்டி விட்டுவிடுவார்கள். எந்தக் குருவி எந்தக் குருவியின் குஞ்சு, எது எந்த ஆண்டில் இறந்தது என்பதெல்லாம் பதிவேட்டில் இருக்கும்.

1977இல் அந்தத் தீவில் மழை பொய்த்தது. அந்த ஆண்டின் மழைக்காலம் முழுவதற்கும் பெய்தது சுமார் 24 மில்லிமீட்டர்தான். செடிகள் காய்ந்தன, புது விதைகள் வரவில்லை. எளிதில் உடைக்கக்கூடிய சின்ன விதைகளைக் குருவிகள் முதலில் தின்று தீர்த்தன. எஞ்சியவை பெரிய, கெட்டியான விதைகள். அவற்றில் முக்கியமானது நெருஞ்சி. நம் ஊர்க் காட்டில் செருப்பில்லாமல் நடந்தால் காலில் தைக்கும் அதே நெருஞ்சியின் நெருங்கிய உறவுச்செடி அது. காய் காய்ந்ததும் முள் நிறைந்த துண்டுகளாகப் பிரியும். விதைகள் அந்தக் கட்டைத் துண்டுக்குள் இருக்கும். அதை உடைக்க ஆழமான, அதாவது மேலிருந்து கீழாகத் தடித்த அலகு வேண்டும். சிறிய அலகுள்ள குருவி அதைக் கொத்திப் பார்த்துவிட்டு விட்டுவிடும்.

நடுத்தரத் தரை ஃபிஞ்ச் என்னும் இனத்தில் சுமார் 1,200 குருவிகள் இருந்தன. வறட்சி முடிந்தபோது எஞ்சியவை ஏறத்தாழ 180. இறந்தவை யார், பிழைத்தவை யார் என்று பதிவேட்டில் பார்த்தபோது விடை அலகில் இருந்தது. வறட்சிக்கு முன் அந்த இனத்தின் சராசரி அலகு ஆழம் சுமார் 9.4 மில்லிமீட்டர், பிழைத்தவற்றின் சராசரி 10ஐ நெருங்கியது. அரை மில்லிமீட்டர்! விரல் நகத்தின் தடிமன் அளவு. ஆனால் உயிர் போவதற்கும் இருப்பதற்கும் அதுவே போதுமானதாக இருந்தது.

ஒரு குருவியின் அலகுகூட அந்த வறட்சியில் வளரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மாறியது குருவி இல்லை, கூட்டம். 1978இல் பிழைத்தவை குஞ்சு பொரித்தன. அலகின் ஆழம் பெற்றோரிடமிருந்து வலுவாக மரபுவழி இறங்குகிறது என்று ஏற்கெனவே அளந்து வைத்திருந்தார்கள். அதற்கேற்ப, புதுத் தலைமுறையின் அலகு வறட்சிக்கு முந்தைய தலைமுறையை விடச் சுமார் 4 சதவீதம் ஆழமாக இருந்தது.

கதை அதோடு முடியவில்லை. 1983இல், பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்து, அதே தீவில் 1,300 மில்லிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. கொடிகள் படர்ந்து நெருஞ்சியை மூடின. சின்ன விதைகள் எங்கும் நிறைந்தன. அடுத்து வந்த வறண்ட காலத்தில் பெரிய அலகுள்ளவை தவித்தன, சிறிய அலகுள்ளவை தழைத்தன. தேர்வின் திசையே திரும்பிவிட்டது. மூன்றாவதாக, 2003இல் தொடங்கிய வறட்சியில் இன்னொரு திருப்பம். அதற்குள் பெரிய தரை ஃபிஞ்ச் என்னும் வேறோர் இனம் தீவில் குடியேறிவிட்டிருந்தது. நெருஞ்சியை அது முழுதாகத் தின்று தீர்த்தது. நடுத்தர இனத்தில் பெரிய அலகுள்ளவை போட்டியில் தோற்றுப் பட்டினியால் இறந்தன. எனவே வறட்சிதான் என்றாலும், இம்முறை சராசரி அலகு சிறுத்தது. 2016இல் இந்தக் குருவிகளின் டி.என்.ஏ.வைப் படித்தபோது, அந்த வறட்சியில் யார் பிழைத்தார்கள் என்பதோடு எச்.எம்.ஜி.ஏ.2 என்னும் மரபணுவின் வகை தெளிவாகப் பொருந்தியது. வறட்சி, விதை, அலகு, மரபணு என்று முழுச் சங்கிலியும் கையில் இருக்கும் இப்படியொரு சான்று உயிரியலில் அரிது. அதனால்தான் இதைப் பற்றி இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

அலகு சிறுத்தது, பெருத்தது. குருவி குருவியாகத்தானே இருக்கிறது? புது இனம் உருவாகவில்லையே?

நியாயமான கேள்வி. அதற்கும் அதே தீவில் ஒரு பதில் கிடைத்தது. 1981இல், நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள எஸ்பனோலா தீவிலிருந்து வேறோர் இன ஆண் ஃபிஞ்ச் ஒன்று டாஃப்னிக்கு வழிதவறி வந்தது. உருவம் பெரிது, பாட்டும் வேறு. உள்ளூர்ப் பெண் குருவியோடு சேர்ந்தது. அந்த வம்சத்தின் பிள்ளைகள் தந்தையின் பாட்டைக் கற்றுக்கொண்டன. உள்ளூர்க் குருவிகள் அந்தப் பாட்டுக்கு மசியவில்லை. சில தலைமுறைகளுக்குள் அவை தமக்குள் மட்டுமே இணை சேரும் தனிக்கூட்டமாகிவிட்டன. 2017இல் மரபணுச் சான்றோடு இது வெளியானது. அந்த வம்சம் நீடிக்குமா, அழியுமா என்பது வேறு கேள்வி. ஆனால் ஓர் இனம் இரண்டாகப் பிரிவதற்கான முதல் படி, அதாவது கலப்பு நின்றுபோவது, அங்கே கண்முன் நடந்தது.

மனிதர்கள் கையால் செய்த தேர்வைப் பார்க்க வேண்டுமானால் காய்கறிக் கடைக்குப் போனால் போதும். முட்டைகோஸ், காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல் நான்கும் ஒரே இனத் தாவரம். இலையைப் பெருக்கியவர்கள் கோஸை அடைந்தார்கள், பூவைப் பெருக்கியவர்கள் காலிஃபிளவரை, தண்டைப் பெருக்கியவர்கள் நூல்கோலை. சில ஆயிரம் ஆண்டு விவசாயிகளின் விருப்பம் இவ்வளவு செய்யுமென்றால், கோடிக்கணக்கான ஆண்டு வறட்சியும் குளிரும் பகையும் என்ன செய்யாது?

எல்லாம் தற்செயலாக நடந்தது என்கிறீர்களா?

இல்லை. இந்த ஒரு குழப்பம் தீர்ந்தால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். மரபணுவில் வரும் சடுதிமாற்றம் தற்செயலானது, டி.என்.ஏ. நகலெடுக்கும்போது ஏற்படும் பிழை அது. எந்தப் பிழை நிலைக்கும் என்பது தற்செயல் இல்லை. நெருஞ்சிக் காயை உடைக்க முடிகிற அலகுக்கும் முடியாத அலகுக்கும் நடுவில் சீட்டுக் குலுக்கிப் போடவில்லை.

அமெரிக்காவில் ரிச்சர்ட் லென்ஸ்கி 1988 பிப்ரவரியில் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஒரே ஈ. கோலை பாக்டீரியாவின் வாரிசுகளைப் பன்னிரண்டு குடுவைகளில் பிரித்து வளர்த்தார். தினமும் ஒவ்வொன்றிலிருந்தும் நூற்றில் ஒரு பங்கை எடுத்துப் புதுக் குடுவைக்கு மாற்ற வேண்டும். 500 தலைமுறைக்கு ஒருமுறை மாதிரியை உறையவைத்துப் பாதுகாக்க வேண்டும். சோதனை 70,000 தலைமுறைகளைத் தாண்டிவிட்டது. பன்னிரண்டு குடுவைகளிலும் சடுதிமாற்றங்கள் வெவ்வேறு. ஆனால் பன்னிரண்டும் முன்னோரை விட வேகமாகப் பெருகக் கற்றுவிட்டன. பாதை தற்செயல், திசை தற்செயல் இல்லை.

அவற்றில் ஒரே ஒரு குடுவையில், சுமார் 31,500 தலைமுறைக்குப் பின், யாரும் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. அந்தத் திரவத்தில் எப்போதும் இருந்துவந்த சிட்ரேட் என்னும் பொருளை ஆக்சிஜன் இருக்கும்போதே உண்ணும் திறனை அந்த பாக்டீரியா பெற்றது. ஈ. கோலையின் அடையாளங்களில் ஒன்றே அப்படி உண்ண முடியாது என்பதுதான். உறைந்திருந்த பழைய மாதிரிகளை எழுப்பி மீண்டும் வளர்த்துப் பார்த்தபோது, 20,000ஆவது தலைமுறைக்குப் பிந்தையவற்றில் மட்டுமே அந்தத் திறன் மறுபடி தோன்றியது. முன்பே நடந்த வேறொரு சிறு மாற்றம் அதற்கு வழி அமைத்திருந்தது.

தேவை வந்ததும் உயிர்கள் அதற்கேற்ப மாறிக்கொள்கின்றன, அப்படித்தானே?

அப்படி இல்லை. ஒட்டகச்சிவிங்கி எட்டி எட்டிப் பார்த்ததால் கழுத்து நீளவில்லை. 1952இல் ஜோஷுவா லெடர்பெர்க், எஸ்தர் லெடர்பெர்க் செய்த சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு தட்டில் பாக்டீரியாக்களை வளர்த்தார்கள். புள்ளிபுள்ளியாகக் குடியிருப்புகள் தோன்றின. அதன்மேல் வெல்வெட் துணியை ஒற்றி எடுத்து, அதே துணியை மருந்து கலந்த புதுத் தட்டுகளில் ஒற்றினார்கள். புள்ளிகளின் இடம் மாறாமல் நகல் கிடைக்கும். மருந்துத் தட்டுகள் எல்லாவற்றிலும் அதே ஒன்றிரண்டு இடங்களில் மட்டும் பாக்டீரியா பிழைத்தது. முதல் தட்டுக்குத் திரும்பி, மருந்தையே காணாத அந்தப் புள்ளியைச் சோதித்தார்கள். அதற்கு எதிர்ப்புத்திறன் ஏற்கெனவே இருந்தது. மருந்து அதை உண்டாக்கவில்லை. மற்றவற்றைக் கொன்று அதை மிச்சம் வைத்தது.

ஆன்டிபயாடிக் மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பலிக்காமல் போவதற்குப் பின்னால் இருப்பதும் இதுவே.

குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்றால், குரங்குகள் ஏன் இன்னும் இருக்கின்றன? மாறியதை யார் பார்த்தார்கள்?

2018 ஜனவரியில் மத்திய இணை அமைச்சர் ஒருவரே இதைக் கேட்டார்: குரங்கு மனிதனாக மாறியதைக் கண்டதாக நம் முன்னோர் யாரும் சொல்லவில்லையே என்று. இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்களும் சேர்ந்து மறுப்பு வெளியிட்டன.

இன்றுள்ள எந்தக் குரங்கும் நம் பாட்டன் இல்லை. சிம்பன்சிக்கும் நமக்கும் ஏறத்தாழ 60 முதல் 70 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஒரு பொது மூதாதை இருந்தது. நாம் ஒரு கிளை, அவை இன்னொரு கிளை. சித்தப்பா பிள்ளைகள் இருப்பதால் நாம் பிறக்கவில்லை என்று ஆகாது.

யாரும் அருகிலிருந்து பார்க்காவிட்டாலும், நடந்ததன் தடயம் நம் ஒவ்வொரு செல்லிலும் இருக்கிறது. சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றுக்கு மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 48, நமக்கு 46. பொது மூதாதை உண்மையென்றால், எங்கோ இரண்டு குரோமோசோம்கள் ஒன்றாக ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டியிருக்கின்றன: நம்முடைய 2ஆம் குரோமோசோம். குரோமோசோமின் முனையில் மட்டுமே இருக்க வேண்டிய தொடர்வரிசை, இதில் நடுவிலும் இருக்கிறது. ஒட்டிய இடம் அதுதான். நடு இணைப்புப் புள்ளியான சென்ட்ரோமியர் ஒன்று வேலை செய்ய, இரண்டாவதன் சிதைந்த எச்சமும் அருகே கிடக்கிறது. சிம்பன்சியின் இரண்டு தனிக் குரோமோசோம்களை நுனியோடு நுனி வைத்துப் பார்த்தால் நம்முடையதோடு பொருந்துகின்றன.

இன்னொன்று எனக்கு இதைவிடவும் பிடித்தது. ஆடும் மாடும் நாயும் வைட்டமின் சி.யைத் தம் உடலிலேயே தயாரித்துக்கொள்கின்றன. நமக்கு முடியாது; அதனால்தான் எலுமிச்சையும் நெல்லிக்காயும் வேண்டியிருக்கிறது, கடற்பயணிகள் ஸ்கர்வி வந்து இறந்தார்கள். ஆனால் அதைத் தயாரிப்பதற்கான கடைசி நொதியின் மரபணு நம்மிடம் இல்லாமல் இல்லை. இருக்கிறது, பழுதடைந்து. அதே மரபணு சிம்பன்சியிடமும் பழுதடைந்திருக்கிறது. இருவரிடமும் பழுதுகள் பல ஒரே இடத்தில். கினிப்பன்றியும் வைட்டமின் சி. தயாரிக்காது, ஆனால் அதன் மரபணு வேறு விதமாகப் பழுதடைந்திருக்கிறது. நல்ல கருவி இரண்டு பேரிடம் ஒரே மாதிரி இருந்தால் இருவரும் தனித்தனியே செய்திருக்கலாம் என்று வாதாடலாம். ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால், அது ஒரே மூலத்திலிருந்து நகலெடுத்தது.

இடைப்பட்ட உயிரினங்களின் எச்சங்கள் எங்கே?

அருங்காட்சியகங்களில் நிறைய இருக்கின்றன. சிலவற்றை எங்கே தேடினால் கிடைக்கும் என்று முன்கூட்டியே கணித்துத் தேடியிருக்கிறார்கள். நான்கு கால் விலங்குகள் சுமார் 36.5 கோடி ஆண்டுப் பாறைகளில் தென்படத் தொடங்குகின்றன. சதைத்துடுப்பு மீன்கள் அதற்கு முன்பே இருக்கின்றன. எனவே நடுவில் உள்ள வயதில், ஆற்றுப்படிவாக உருவான பாறை வேண்டும். நீல் ஷுபினும் கூட்டாளிகளும் வரைபடம் பார்த்து, கனடாவின் வடகோடியில் உள்ள எல்ஸ்மியர் தீவைத் தேர்ந்தெடுத்தார்கள். பல கோடைகள் வெறுங்கையோடு திரும்பி, 2004இல் டிக்டாலிக் என்னும் உயிரின் எச்சத்தைக் கண்டெடுத்தார்கள். வயது 37.5 கோடி ஆண்டுகள். மீனுக்குரிய செதிலும் துடுப்பும். ஆனால் துடுப்புக்குள் தோள், முழங்கை, மணிக்கட்டு போன்ற எலும்புகள். மீனுக்கு இல்லாத கழுத்தும் அதற்கு இருந்தது.

நம் துணைக்கண்டத்துக்கே உரிய கதை திமிங்கிலத்தினுடையது. திமிங்கிலம் பாலூட்டி, நுரையீரலால் மூச்சுவிடுகிறது, குட்டிக்குப் பால் கொடுக்கிறது. அதன் முன்னோர் நிலத்தில் நடந்திருக்க வேண்டும் என்று டார்வின் காலத்திலேயே ஊகித்தார்கள். சான்று கிடைத்தது பாகிஸ்தானிலும் கட்ச் பகுதியிலும் ஜம்மு காஷ்மீரிலும். இந்தியா ஆசியாவோடு மோதுவதற்கு முன்னும் மோதிய காலத்திலும் நடுவே டெதிஸ் என்னும் ஆழமற்ற கடல் இருந்தது. அதன் கரைகளில்தான் இந்த மாற்றம் நடந்திருக்கிறது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய பாகிசீட்டஸ் நான்கு கால்களால் நடந்தது, ஓநாய் அளவு. ஆம்புலோசீட்டஸ் முதலைபோல நீரிலும் கரையிலும் இருந்தது. கட்ச்சில் கிடைத்த கட்ச்சிசீட்டஸுக்குக் குட்டைக்கால்கள், நீண்ட வால். பின்னால் வந்த பாசிலோசாரஸ் முழுக்கக் கடல்வாசி. ஆனாலும் விரல்களோடு கூடிய சின்னஞ்சிறு பின்னங்கால்கள் அதற்கு இருந்தன.

ஏ. ரங்கா ராவ் என்ற இந்தியப் புவியியலாளர் காஷ்மீர்ப் பகுதியின் காலாகோட்டில் எலும்புகள் பொதிந்த பாறைகளைச் சேகரித்து வைத்திருந்தார். அவர் மறைவுக்குப் பிறகு அவை ஹான்ஸ் தெவிசென் என்ற ஆய்வாளர் கைக்குப் போயின. ஆய்வகத்தில் சுத்தம் செய்யும்போது ஒரு மண்டையோடு உடைந்து உள்காதின் எலும்பு வெளியே தெரிந்தது. அதன் ஒரு பக்கச் சுவர் தடித்து இருந்தது. திமிங்கிலக் கூட்டத்துக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்ட அடையாளம் அது. ஆனால் விலங்கோ நம் காட்டுச் சருகுமானைப் போன்ற சின்னக் குளம்புள்ள பிராணி! 2007இல் வெளியான ஆய்வின்படி, இன்டோஹையஸ் என்னும் இந்த விலங்கின் கால் எலும்புகளும் நீரில் மூழ்கி நடக்கும் விலங்குகளைப்போல் கனத்திருந்தன. இன்றுள்ளவற்றில் திமிங்கிலத்தின் நெருங்கிய உறவு, குளம்புள்ள விலங்குகளின் கூட்டத்தைச் சேர்ந்த நீர்யானை என்று மரபணுவும் தனியாகச் சொல்கிறது. இன்றும் திமிங்கிலக் கருவில் பின்னங்கால் மொட்டுகள் தோன்றி மறைகின்றன.

எலும்பும் மரபணுவும் தவிர வேறு சான்று?

எந்த உயிர் எங்கே வாழ்கிறது என்பதே சான்று. 2003இல் இடுக்கியில் கண்டறிந்து விவரிக்கப்பட்ட ஊதாத் தவளையை எடுத்துக்கொள்ளுங்கள். உப்பிய உடல், கூரிய மூக்கு. ஆண்டு முழுதும் மண்ணுக்கடியில் கரையான் தின்று வாழ்ந்து, பருவமழை தொடங்கும்போது இனப்பெருக்கத்துக்காகச் சில நாட்கள் மட்டும் மேலே வரும். மேற்குத் தொடர்ச்சி மலையின் தமிழகப் பக்கத்திலும் இதன் உறவினம் ஒன்று உண்டு, 2017இல் விவரிக்கப்பட்டது. இவற்றின் நெருங்கிய சொந்தங்கள் இந்தியாவில் இல்லை, ஆசியாவிலும் இல்லை. சுமார் 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கின்றன. தவளையின் மெல்லிய தோல் கடல்நீரைத் தாங்காது; நீந்திப் போயிருக்க முடியாது. ஆனால் இந்தியாவும் சீஷெல்ஸும் ஒரு காலத்தில் ஒரே நிலம். சுமார் 6.5 கோடி ஆண்டுகளுக்கு முன் அது பிளந்தது. தவளைகள் நகரவில்லை, நிலம் நகர்ந்தது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கடலடி எரிமலையால் உருவாகி எந்தக் கண்டத்தோடும் ஒட்டியிராத ஹவாய், கலாபகசு போன்ற தீவுகளில் சொந்தத் தவளைகளே கிடையாது. இடம் பொருத்தமில்லை என்பதால் இல்லை. மனிதர்கள் கொண்டுபோய் விட்ட தவளைகள் ஹவாயில் பெருகிக் கிடக்கின்றன.

கண் போன்ற நுட்பமான உறுப்பு படிப்படியாக உருவாக முடியுமா? பாதிக் கண்ணால் என்ன பயன்?

பாதிக் கண்ணுக்கும் பயன் உண்டு. தட்டைப்புழுவுக்கு ஒளி உணரும் செல்கள் நிறைந்த சின்னக் குழி. வெளிச்சம் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் அதற்குப் போதும். குழி ஆழமானால் திசை தெளிவாகும். வாய் குறுகினால் மங்கலான உருவம் விழும். நாட்டிலஸ் என்னும் கடல்பிராணிக்கு லென்ஸ் இல்லாத அப்படிப்பட்ட கண்தான் இன்றும் இருக்கிறது. ஒளிபுகும் சவ்வு தடித்தால் லென்ஸ். இந்த ஒவ்வொரு படியும் இன்று வாழும் ஏதோவொரு உயிரிடம் இருக்கிறது.

நம் கண்ணில் நரம்புகள் விழித்திரைக்கு முன்பக்கம் ஓடுகின்றன. மூளைக்குப் போக அவை விழித்திரையைத் துளைத்துக்கொண்டு போக வேண்டும். அந்த இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. ஆக்டோபஸுக்கு நரம்பு பின்பக்கம். அந்தக் குருட்டுப்புள்ளி கிடையாது. கையிலிருந்ததை வைத்துச் சரிசெய்துகொண்டே வந்த வரலாறு இது.

வலிமையானதே வாழும் என்பதுதானே இதன் சாரம்?

இல்லை. மொசாம்பிக்கின் கோரோங்கோசாப் பூங்காவில் தந்தமுள்ள யானைதான் வலிமையானது. 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகளை வேட்டையாடித் தீர்த்தார்கள். பத்தில் ஒன்பதுக்கு மேல் அழிந்தன. போருக்கு முன் பெண் யானைகளில் தந்தமில்லாதவை 18.5 சதவீதம், போருக்குப் பின் 50.9 சதவீதம். 2021இல் வெளியான ஆய்வு, இந்தத் தன்மை எக்ஸ் குரோமோசோமோடு இணைந்தது என்றும், ஆண் கருவுக்கு அது உயிர்க்கேடு என்றும் காட்டியது. எது வாழும் என்பதைச் சூழல்தான் முடிவு செய்கிறது. அங்கே சூழல் என்பது துப்பாக்கி.

இந்தச் சொற்றொடரைக் காட்டி, ஏழையும் நோயாளியும் அழிவது இயற்கை நியதி என்று பேசியவர்கள் உண்டு. அது அறிவியல் இல்லை. வறட்சியில் குருவி இறக்கும் என்று அறிவதால், தண்ணீர் கொடுக்கக் கூடாது என்று ஆகாது.

மனிதர்களிடம் இப்போதும் நடக்கிறதா?

நடக்கிறது. அரிவாள் செல் சோகை என்னும் ரத்த நோய் நீலகிரிப் பழங்குடிகளிடையே 1952இல் கண்டறியப்பட்டது. இந்தியாவில் இதுபற்றிய முதல் பதிவுகளில் அது ஒன்று. பழுதுபட்ட மரபணு தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் கடும் நோய். ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் பெரும்பாலும் தொல்லையில்லை; அதோடு கடுமையான மலேரியாவிலிருந்து பாதுகாப்பும் கிடைக்கிறது. 1954இல் ஆண்டனி அலிசன் கிழக்கு ஆப்பிரிக்காவில் இதை நிறுவினார். மலேரியா தலைமுறை தலைமுறையாக இருந்த இடங்களில் இந்த மரபணு நிலைத்திருப்பதற்குக் காரணம் அதுவே. ஒரு பிள்ளையைக் காத்த அதே மரபணு இன்னொரு பிள்ளையை வதைக்கிறது. இயற்கைத் தேர்வுக்கு இரக்கம் தெரியாது; மருத்துவம் அந்த இடத்தை நிரப்ப வேண்டியிருக்கிறது.

தசாவதாரம் பரிணாமத்தைத்தானே சொல்கிறது?

மீன், ஆமை, பன்றி என்று வரும் வரிசை பலருக்கு அப்படித் தோன்றுகிறது. ஆனால் பரிணாமம் படிக்கட்டு இல்லை; கிளைத்துக்கொண்டே போவது. மீனுக்கு மேல் ஆமை, அதற்கு மேல் மனிதன் என்ற ஏற்றம் அதில் கிடையாது. புராணத்துக்கு அதற்கே உரிய மதிப்பு இருக்கிறது. அறிவியல் சான்றிதழ் தேவையில்லை.

அப்படியானால் கடவுள் நம்பிக்கைக்கு எதிரானதா?

உயிரினங்கள் எப்படி மாறின என்பதை இது விளக்குகிறது. நவீனப் பரிணாம அறிவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான தியோடோசியஸ் டாப்ஷான்ஸ்கி கிறிஸ்தவ நம்பிக்கை உள்ளவர்; அவர்களில் இன்னொருவரான ஜே.பி.எஸ். ஹால்டேன் நாத்திகர். இருவரும் ஒரே கணக்கைத்தான் போட்டார்கள்.

முதல் உயிர் எப்படித் தோன்றியது?

அது வேறு கேள்வி, வேதியியல் சார்ந்தது. நகலெடுத்துக்கொள்ளும் உயிர் ஒன்று இருந்த பிறகுதான் இயற்கைத் தேர்வின் வேலை தொடங்குகிறது.

பள்ளியில் இதைப் படிக்காவிட்டால் என்ன நஷ்டம்?

பத்தாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. பாடநூலிலிருந்து பரிணாமப் பகுதி நீக்கப்பட்டபோது, 2023 ஏப்ரலில் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் எதிர்ப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் அந்தப் பாடம் இருக்கிறது. அது எனக்கு நிம்மதி. பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகளே அதிகம். ஆன்டிபயாடிக்கைத் தேவையில்லாமல் விழுங்கினால் என்ன ஆகும், பூச்சிக்கொல்லி ஏன் சில பருவங்களில் பலிக்காமல் போகிறது என்பதைப் புரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு அந்த வகுப்பிலாவது கிடைக்க வேண்டும்.

எதைக் கண்டால் பரிணாமம் தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள்?

பல உண்டு. பிற்காலத்தில் புவனேஸ்வரத்தில் இந்தியக் குடிமகனாக வாழ்ந்து 1964இல் இறந்த ஹால்டேன், பாலூட்டிகள் தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பிருந்த கேம்பிரியன் காலத்துக்கும் முந்தைய பாறையில் ஒரு முயல் கிடைத்தால் போதும் என்றதாகச் சொல்வார்கள். வேறோர் இனத்தின் நன்மைக்காக மட்டுமே உருவான உறுப்பு ஒன்று எந்த உயிரிடமாவது இருந்தால் தன் கோட்பாடு தகர்ந்துவிடும் என்று டார்வினே எழுதினார். எலும்பை வைத்து வரைந்த உறவுமுறையும் டி.என்.ஏ.வை வைத்து வரைந்த உறவுமுறையும் அடியோடு முரண்பட்டிருந்தாலும் கதை முடிந்திருக்கும்.

உண்மையிலேயே ஒருமுறை கோட்பாடு ஆட்டம் கண்டது. டார்வின் காலத்தின் தலைசிறந்த இயற்பியலாளரான வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு, பூமி உருகிய நிலையிலிருந்து குளிர்ந்து வர எவ்வளவு காலம் ஆகும் என்று கணக்கிட்டார். விடை கோடிகளில் வந்தது; அவர் கணக்கைத் திருத்தத் திருத்த அது சுருங்கி, கடைசியில் இரண்டு முதல் நான்கு கோடி ஆண்டுகள் என்று நின்றது. இயற்கைத் தேர்வுக்கு அது போதவே போதாது. டார்வினிடம் பதில் இல்லை; தன்னை மிகவும் வருத்திய எதிர்வாதங்களில் இதுவும் ஒன்று என்று ஒப்புக்கொண்டார். 1882இல் அவர் இறக்கும்போதும் அந்தக் கேள்வி அப்படியே நின்றது. 1896இல் கதிரியக்கம் கண்டுபிடிக்கப்பட்டது. பாறையின் வயதை அளக்கும் கடிகாரம் அதன்மூலம் கிடைத்தது. 1956இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து பூமியின் வயதைக் கணக்கிட்டார்: சுமார் 455 கோடி ஆண்டுகள். இயற்கைத் தேர்வுக்கு வேண்டிய காலம் கிடைத்துவிட்டது.